ஒரு ஓட்டு வித்தியாசம்

தேர்தல் துறைக்கு அந்தத் தொகுதியின் நீள அகலத்தில் அளவு கடந்த பெருமை. கிழக்கு முனையில் விடிகிறபோது மேற்கு முனையில் இன்னும் கோழி கூவியிருக்காது என்று தேர்தல் அதிகாரி மேடைகளில் சொல்வார். பூகோளப்படி இது சரியில்லை. ஆனால் துறையின் ஜீப்பில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வந்தவர்கள் யாரும் இதுவரை மறுத்ததில்லை. நடுவில் ஒரு காடும் இரண்டு ஆறுகளும் இருக்கின்றன. வரைபடத்தில் மட்டும் ஒரு பாலமும் இருக்கிறது.

தொகுதியின் முதல் உறுப்பினர் ஓட்டுப் போட்டவர்களுக்கு நன்றி சொல்லக் கிளம்பினார். பாதித் தொகுதி முடிவதற்குள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. இரண்டாமவர் அந்தத் தப்பைச் செய்யவில்லை, கிளம்பவே இல்லை. மூன்றாமவர் தலைநகரில் வீடு வாங்கி, வரவேற்பறையில் தொகுதியின் வரைபடத்தை மாட்டி, வருகிறவர்களுக்கெல்லாம் குச்சியால் சுட்டிக் காட்டினார். தொகுதியை முழுசாகப் பார்த்தவர் என்ற பெயர் அவருக்குத்தான். நாலாமவர் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். பிறகு அமைச்சரானார். இன்னும் அமைச்சராகத்தான் இருக்கிறார்.

துறையின் ஜீப்பை ஓட்டியவரை எல்லோரும் நிதானம் என்று கூப்பிட்டார்கள். அவ்வளவு மெதுவாக ஓட்டுவார். அவர் வீடு மேற்கு முனையில். ஆனால் தேர்தல் என்று வந்தால் அவருக்கு டூட்டி கிழக்கு முனையில்தான். மேற்குக்காரன் மேற்கிலேயே வேலை பார்த்தால் நடுநிலை கெட்டுவிடும் என்பது துறையின் கவலை. ஓட்டுப்பெட்டிகளையும் அதிகாரிகளையும் ஏற்றிக்கொண்டு முந்தின நாளே புறப்படுவார், மறுநாள் திரும்புவார். ஒவ்வொரு தடவையும் தபால் ஓட்டுக் கேட்டு எழுதிக் கொடுப்பார். அதுவும் தவறாமல் வரும். ஓட்டு எண்ணி, ஜெயித்தவர் ஊர்வலம் போய், தோற்றவர் அறிக்கை விட்ட பிறகு வரும். உறைமேல் 'காலதாமதமின்றி அனுப்பவும்' என்று சிவப்பில் அச்சடித்திருக்கும்.

ஆக, ஊருக்கெல்லாம் ஓட்டுப்பெட்டி சுமந்த மனுஷன் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை. இதை அவர் வெளியே சொல்லிக்கொள்வதும் இல்லை. நீச்சல் தெரியாத படகுக்காரன் மாதிரி அவருக்கு அது ஒரு கூச்சமாகவே இருந்தது.

அமைச்சர் முதன்முதலில் ஜெயித்த வருஷம் மேற்கு முனையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பத்துப் படுக்கைகள், ஒரு டாக்டர், பிரசவம் பார்க்க ஒரு நர்ஸ். ஜெயித்த கையோடு அவர் அதைத் தூக்கிக்கொண்டுபோய் நகரத்தில், தன் தம்பி கட்டியிருந்த கட்டடத்தில் வைத்துவிட்டார். மேற்கு முனைக்காரர்கள் மனு கொடுத்தார்கள். மனு நகரத்து ஆஸ்பத்திரிக்கே அனுப்பிவைக்கப்பட்டது.

அதற்கடுத்த வருஷம் ஊர்ச் சலூன்காரரின் மனைவிக்கு ரெண்டாவது பிரசவம் சிக்கலானது. வேறு வண்டி கிடைக்கவில்லை. நிதானம் துறை ஜீப்பை எடுத்தார். வாழ்நாளிலேயே அன்றைக்குத்தான் அவர் வேகமாக ஓட்டினார். ரெண்டாவது ஆற்றைத் தாண்டும்போது பின்சீட்டில் சத்தம் நின்றுபோனது. தாயும் போனாள், குழந்தையும் போனது. வீட்டில் மூத்த பெண் ஒன்று, பள்ளிக்கூடம் போகிற வயசு, பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து அம்மா வருவாள் என்று காத்திருந்தது. துறை வண்டியைத் தேர்தல் அல்லாத காரியத்துக்குப் பயன்படுத்தியது ஏன் என்று நிதானத்திடம் விளக்கம் கேட்டார்கள். அவர் எழுதிக் கொடுத்த விளக்கத்தில் தேர்தல் சம்பந்தமாக எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அதற்குப் பிறகு சலூன்காரர் அவரை அண்ணே என்றார், அந்தப் பெண் பெரியப்பா என்றது. முடி வெட்டினால் காசு வாங்கமாட்டார். இப்படியே வருஷங்கள் போயின. பெண் வளர்ந்து நர்ஸ் படிப்பில் சேர்ந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் தொகுதியின் தேர்தல் வரலாற்றுக்கு விழா எடுப்பது என்று துறை முடிவு செய்தது. அடுத்த தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்தது; ஜனங்களுக்கு ஓட்டின் அருமையைச் சொல்ல வேண்டும். தொகுதியின் வரலாற்றில் சொல்லிக்கொள்கிற மாதிரி என்ன நடந்திருக்கிறது என்று தேடினார்கள். ஒரு ஓட்டு வித்தியாசம்தான் கிடைத்தது. அந்த ஒரு ஓட்டைப் போட்டவரைக் கண்டுபிடித்து மேடையேற்றிப் பதக்கம் கொடுப்பது என்று தீர்மானம் ஆனது.

தேர்தல் அதிகாரி நிதானத்தைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் நிதானம் அதுவரை உட்கார்ந்ததில்லை.

"வாழ்த்துக்கள். அந்த ஓட்டு உன்னுதுதான்."

"எந்த ஓட்டு சார்?"

"அமைச்சரை ஜெயிக்க வெச்ச ஓட்டு. கடைசியா எண்ணினது உங்க ஊர்ப் பெட்டி. அதுல கடைசியா ஓட்டுப் போட்டவன் நீ. அதுவரைக்கும் ரெண்டு பேரும் சமம். அப்ப ஜெயிக்க வெச்சது யாரு?"

"சார், நான் அன்னிக்கு ஊர்லயே இல்லியே. கிழக்கு முனையில இருந்தேன். உங்களைத்தான் சார் கூட்டிட்டுப் போனேன். நீங்க அப்ப சின்ன ஆபீசர். வழியில ரெண்டு தடவை வாந்திகூட எடுத்தீங்க."

அதிகாரி கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் நியாயமானவர் என்று பெயர் எடுத்தவர்.

"நான் போனது உண்மை. ஜீப் போனதும் உண்மை. ஆனா ஓட்டினது நீதான்னு நான் எப்படிச் சொல்ல முடியும்? நான் பின்சீட்ல இருந்தேன். எனக்குத் தெரிஞ்சது ஒரு முதுகு."

"என் முதுகுதான் சார்."

"இருக்கலாம். நீ ஓட்டுப் போட்டதுக்குச் சாவடிப் பதிவேடு ஆதாரமா இருக்கு. போடலைங்கறதுக்கு உன் வாய்வார்த்தைதான் இருக்கு. துறை எதை நம்பும்னு நீயே சொல்லு."

நிதானம் தலையைச் சொறிந்தார். "சரி, நான் போட்டதாவே இருக்கட்டும் சார். அவருக்குத்தான் போட்டேன்னு எப்படித் தெரியும்?"

"சே சே. நீ யாருக்குப் போட்டேன்னு நாங்க கேக்கவே மாட்டோம். அது ரகசியம். அவர் ஜெயிச்சது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும்."

போஸ்டருக்குப் படம் எடுக்க வேண்டும் என்று அவரை வெளியே அழைத்துப் போனார்கள். விரலில் மை இல்லாமல் எடுத்த படம் வெறிச்சென்று இருந்தது. துறையின் கையிருப்பிலிருந்தே ஒரு புட்டியைத் திறந்து அவர் விரலில் மை வைத்தார்கள். ஒன்றரை மாசத்துக்குப் போகாது, அத்தனை உசத்தியான மை என்று புகைப்படக்காரரிடம் பெருமையாகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினார். அவன் அமைச்சர் கட்சிக்காக வாக்குச்சாவடியில் உட்காருகிறவன். வந்து நின்றவன் மை வைத்த விரலைப் பார்த்ததும் தரையைப் பார்த்தான்.

"என் ஓட்டை நீயா போட்ட?"

"நீங்க வரமாட்டீங்கன்னு தெரியும் மாமா. வீணாப் போகுதேன்னுதான். ஒவ்வொரு தடவையும் சாயங்காலம் கடைசி வரைக்கும் உங்களுக்காகக் காத்திருந்து, அப்புறம்தான் போட்டேன். அந்த மரியாதை குடுத்திருக்கேன்."

"யாருக்குப் போட்ட?"

மச்சான் சங்கடமாக நெளிந்தான். "அதைச் சொல்லக்கூடாது மாமா. ரகசிய வாக்கெடுப்பு."

நிதானம் எழுந்த வேகத்தைப் பார்த்து மனைவி நடுவில் வந்து நின்றாள். அவள் கத்தவில்லை. "அவன் செஞ்சது தப்புதான். வெளியே சொன்னா உள்ள வெச்சிடுவாங்க. மூணு பிள்ளைங்க இருக்கு அவனுக்கு. யார் பாப்பாங்கன்னு மட்டும் சொல்லிட்டு, அப்புறம் போய்ச் சொல்லுங்க."

நிதானம் மறுபடி உட்கார்ந்துவிட்டார். மச்சான் ஓரமாக உட்கார்ந்து அக்கா கொடுத்த காப்பியைக் குடித்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டியிருந்தது. நிதானத்தின் முகம், மை வைத்த விரல், கீழே பெரிய எழுத்தில் 'இந்த ஒரு ஓட்டு'. ஆஸ்பத்திரி இருந்த கட்டடத்துச் சுவரில்கூட ஒட்டியிருந்தது. கூரை இல்லாத கட்டடம், ஆனால் சுவர் நன்றாக இருந்ததால் அங்கே ரெண்டாக ஒட்டியிருந்தார்கள்.

ஊர் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இருந்தவர்களுக்கு ஒரே நேரத்தில் வேலை வந்துவிடும். மளிகைக்கடைக்காரர் சாமானைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் வைப்பார். "நான் போடலைங்க" என்று ரெண்டு பேரிடம் சொல்லிப் பார்த்தார். "அப்ப யார் போட்டது?" என்று கேட்டார்கள்.

சலூனுக்குப் போனார். சலூன்காரர் நாற்காலியைத் தட்டவில்லை. "இன்னிக்குக் கத்தி சரியில்லண்ணே" என்றார். அடுத்த வாரம் போனபோதும் கத்தி சரியில்லை. உள்ளே வேறு ஒருவருக்கு அதே கத்தியால் சவரம் நடந்துகொண்டிருந்தது. நிதானம் நகரத்துக்குப் போய் முடி வெட்டிக்கொண்டார். முன்பின் தெரியாத அந்தக் கடைக்காரன், "நீங்க போஸ்டர்ல இருக்கறவர்தானே" என்று கேட்டு, தலையை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்தான்.

விழா நகரத்து மைதானத்தில் நடந்தது. மேற்கு முனையிலிருந்து ஜனங்களைப் பஸ் வைத்து அழைத்து வந்திருந்தார்கள். நர்ஸ் படிக்கிற பெண்களையும் வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். சலூன்காரர் மகள் மூன்றாவது வரிசையில் இருந்ததை நிதானம் மேடையிலிருந்தே பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதலில் தேர்தல் அதிகாரி பேசினார். "இந்தத் தொகுதி ஜனங்களோட ஜனநாயக ஆர்வத்துக்கு ஈடே கிடையாது. வெள்ளம் வந்து மூணு கிராமம் காலியான வருஷம்கூட அந்த மூணு கிராமத்துலயும் ஓட்டுப்பதிவு குறையலை. ஒரு சாவடியில வாக்காளர்கள் எண்ணிக்கையைவிட ஓட்டு அதிகமா விழுந்திருக்கு. சிலர் இதைக் குறையாச் சொல்றாங்க. குறைவா விழுந்தாதானே குறை? செத்துப்போனவங்ககூடத் தங்களோட கடமையை மறக்காத தொகுதி இது. உயிரோட இருக்கறவங்க இதைப் பாத்துக் கத்துக்கணும்."

ஜனங்கள் கைதட்டினார்கள். எங்கே தட்ட வேண்டும் என்று பஸ்ஸிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

பிறகு அமைச்சர் எழுந்தார். "எனக்கு ஆயிரக்கணக்கான பேர் ஓட்டுப் போட்டாங்க. அவங்களை நான் நினைக்கறதில்லை. அவங்க போடாட்டியும் வேற யாராவது போட்டிருப்பாங்க. நான் கடமைப்பட்டது இந்த ஒருத்தருக்குத்தான். அதனால கடன் சின்னது, அடைக்கறதும் சுலபம். இன்னிக்கு ஒரு பதக்கத்தோட அடைச்சிடறேன்." சிரிப்பு எழுந்தது. அமைச்சர் குரலைத் தாழ்த்தினார். "மேற்கு முனையில ஆஸ்பத்திரி இல்லைன்னு சொல்றாங்க. நான் கணக்கு எடுத்துப் பாத்தேன். ஆஸ்பத்திரி இருந்தப்ப அங்கே வருஷத்துக்கு எத்தனையோ நோயாளிங்க வந்தாங்க. அதை மாத்தினதுக்கு அப்புறம் அங்கே ஒரு நோயாளிகூட வரலை. ஒருத்தர்கூட. சுகாதாரத்துல இதைவிட என்ன சாதனை வேணும்?"

இதற்கும் கைதட்டினார்கள். மேற்கு முனைக்காரர்களும் தட்டினார்கள். தட்டிவிட்டுச் சிலர் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

நிதானத்தின் முறை வந்தது. பேச வேண்டியதைத் துறையே எழுதிக் கொடுத்திருந்தது. முந்தின நாள் முழுக்க அவர் வேறொன்றை மனசுக்குள் சொல்லிப் பழகியிருந்தார். நான் ஒரு தடவைகூட ஓட்டுப் போட்டதில்லை என்று ஆரம்பிப்பது. அவ்வளவுதான், மிச்சம் தானாக வரும். மைக்கின் முன் நின்று வாயைத் திறந்தார். முதல் வரிசையில் மச்சான் கடைசிப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்தக் குழந்தை இவரைப் பார்த்துக் கையாட்டியது.

நிதானம் எழுதிக் கொடுத்ததைப் படித்தார். "அந்த ஒரு ஓட்டு என்னுடையது. அதை நினைத்து நான் பெருமைப்படுகிறேன்." பெருமை என்ற இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனந்தக் கண்ணீர் என்று மறுநாள் பேப்பரில் போட்டார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, பக்கத்தில் இருந்தவர்களின் முழங்கால்களைத் தாண்டி, வெளியே போனாள்.

தேர்தல் வந்தது. அந்தத் தடவை நிதானத்துக்கு டூட்டி போடவில்லை. முன்மாதிரி வாக்காளர் சொந்த ஊரில் முதல் ஆளாக ஓட்டுப் போட வேண்டும், அதைப் படம் பிடிக்க வேண்டும் என்று உத்தரவு. அவருக்கு அது மட்டும் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அமைச்சருக்கு எதிராக ஒரு ஓட்டு, தன் கையால், பகிரங்கமாக இல்லாவிட்டாலும் உண்மையாக. துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, விடிந்ததும் பள்ளிக்கூடத்து வரிசையில் முதல் ஆளாக நின்றார். புகைப்படக்காரர்கள் தயாராக இருந்தார்கள்.

சாவடி அதிகாரி வெளியூர்க்காரர், விதிகளை மனப்பாடமாக வைத்திருப்பவர். விரலைக் காட்டச் சொன்னார்.

"ஏற்கெனவே மை இருக்கே. ஓட்டுப் போட்டாச்சே நீங்க."

"இன்னும் சாவடியே திறக்கலையே சார். இது போட்டோவுக்காக வெச்சது. உங்க துறைதான் வெச்சாங்க."

"எதுக்கு வெச்சாலும் மை மைதானே. மை வெச்ச விரலுக்கு ஓட்டு இல்லை. துறையே வெச்சதுன்னா இன்னும் மோசம், அசல் மையா இருக்கும்."

"அழிச்சிட்டு வரட்டுமா?"

"அழிச்சா அது குற்றம்."

அவரை மரியாதையாக வெளியே கூட்டி வந்தார்கள். வாசலில் புகைப்படக்காரர்கள் விரலைத் தூக்கச் சொன்னார்கள். தூக்கினார். படம் நன்றாக வந்தது. வரிசையில் நின்ற ஊர்க்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் கடைத்தெரு வழியாக நடந்தார். எல்லாக் கடையும் சாத்தியிருந்தது, சலூன் மட்டும் பாதி திறந்திருந்தது. சலூன்காரர் உள்ளே தனியாக, வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடியிலேயே நிதானத்தைப் பார்த்து, "உள்ள வாங்கண்ணே" என்றார்.

"ஓட்டுப் போடப் போகலியா?" என்று கேட்டார் நிதானம். வேறு என்ன கேட்பதென்று தெரியவில்லை.

"நான் போறதில்லை. அவ போனதுக்கு அப்புறம் போனதே இல்லை." சலூன்காரர் எழுந்து கதவை இன்னும் கொஞ்சம் சாத்தினார். "அண்ணே, அந்த ஓட்டை நீங்க போடலைன்னு எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"ஏன்னா அதைப் போட்டது நான்."

நிதானம் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அப்ப ஆஸ்பத்திரியில ராத்திரி டாக்டர் இல்ல. ராத்திரிக்கும் டாக்டர் வைக்கிறேன்னு அந்தாளு இந்தக் கடை வாசல்ல நின்னுதான் சொன்னாரு. இந்த நாற்காலியில உக்காந்து சவரம் பண்ணிக்கிட்டாரு. நான் நம்பிட்டேன். அவளும் நானும் சேர்ந்துதான் சாவடிக்குப் போனோம். வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தா, வேணாங்க, அந்தாளு பேசறப்ப மூஞ்சியப் பாக்க மாட்டேங்கறாருன்னு. அவ மாத்திப் போட்டா. நான் இவருக்குப் போட்டேன். அவ பேச்சைக் கேட்டு நானும் மாத்திக் குத்தியிருந்தா இவர் ஒரு ஓட்டுல தோத்திருப்பாரு. ஆஸ்பத்திரி இங்கயே இருந்திருக்கும். அவளும்."

வெளியே யாரோ பேசிக்கொண்டு போனார்கள். சத்தம் தேயும்வரை சலூன்காரர் காத்திருந்தார்.

"இத்தனை வருஷமா யாராவது கண்டுபிடிச்சிடுவாங்களோன்னு செத்துக்கிட்டு இருந்தேன். ரகசியம்னு சொல்றாங்க, ஆனா எனக்குத் தெரியுமே. உங்க போஸ்டரைப் பாத்தப்ப என்ன தோணிச்சு தெரியுமா? அப்பாடான்னு தோணிச்சு. ஊரே உங்களை ஒதுக்கினப்ப நானும் சேந்துக்கிட்டேன். மத்தவங்களைவிடக் கொஞ்சம் அதிகமாவே பண்ணினேன். ஊர்ல முக்கால்வாசிப் பேரு அவருக்குப் போட்டவங்கதானே அண்ணே. இல்லாட்டி எப்படி ஜெயிப்பாரு? எல்லாருக்கும் அப்பாடான்னுதான் இருந்திருக்கும்."

நிதானத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கோபத்தை எங்கிருந்தாவது வரவழைக்கவும் பார்த்தார். எதிரே நின்ற மனுஷன் கண்ணாடிப் பக்கம் திரும்பாமல், கத்தரியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்ததைப் பார்த்தபோது அது வரவில்லை. அவருக்குத் தன்மேலேயே வெட்கமாக இருந்தது. மேடையில் ஒரு குழந்தையைப் பார்த்துப் பயந்து பொய் சொன்னவர்தானே அவரும்.

"பொண்ணுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"அவளுக்குத் தெரிஞ்சா நான் இருக்கமாட்டேன்."

கதவு திறந்தது. கையில் தூக்குப் பாத்திரத்தோடு மகள் நின்றாள். தேர்தலுக்காக லீவில் வந்திருந்தாள். நிதானத்தைப் பார்த்ததும் அவள் முகம் இறுகியது. பாத்திரத்தை அப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பப் போனவள், வாசலில் நின்றாள்.

"ஒண்ணு கேக்கணும் பெரியப்பா. நீங்க மேடையில படிச்சது அவங்க எழுதிக் குடுத்ததுன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க, பெரியம்மாவே அவங்ககிட்ட சொன்னாங்களாம். நிஜமாவே நீங்கதான் போட்டீங்களா? இல்லைன்னு சொல்லுங்க, நான் நம்பறேன்."

சலூன்காரரின் கையில் இருந்த கத்தரி அசையாமல் நின்றது.

இல்லை என்று சொல்லத்தான் நிதானம் இத்தனை வாரமாக ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தார். நம்புகிறேன் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஆள் அவள்தான்.

"ஆமாம்மா," என்றார். "நான்தான் போட்டேன்."

"ஏன்?"

"ராத்திரிக்கும் டாக்டர் வைக்கிறேன்னு சொன்னாரு. நம்பிட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்து அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்கம்மாவை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் பெரியப்பா," என்றாள். "அம்மா வேணாம்னு சொல்லியிருப்பாங்க."

சலூன்காரர் சட்டென்று நாற்காலியைத் தட்டினார். "உக்காருங்கண்ணே," என்றார். நிதானம் உட்கார்ந்தார். துணியை உதறிக் கழுத்தில் கட்டியாயிற்று. அந்தப் பெண் தெருமுனை திரும்பும்வரை கத்தரி, முடியில் படாமல், காற்றை வெட்டிக்கொண்டே இருந்தது.